பின்கண்ணாடி

"பக்கத்துலயே இரு இந்து, அவனுங்க கையை வெக்கறப்ப கண்ணை எடுத்தராத" என்று சொல்லிவிட்டு நந்தகோபால் காலையில் கம்பெனிக்குப் போயிருந்தான். அதனால்தான் இந்துமதி போர்டிகோவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை எடுக்காமல்தான் இருந்தாள். ஆனால் வேனிலிருந்து அந்த இரண்டு ஆட்களும் இறக்கிய கண்ணாடியை அவள் பார்க்கவில்லை. மஞ்சள் காரின் பின்னால் மூன்று மாதமாகத் திறந்து கிடந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் ஆடிக்காற்றில் உப்பி உப்பி அமுங்கியது, யாரோ உள்ளேயிருந்து மூச்சு விடுவது போல. எழுந்து போய் அதைக் கிழித்துப் போட வேண்டும் போல் இருந்தது. அவர்களே கிழித்தார்கள். பெரியவன் பெயர் ஜெரால்டு, கோயமுத்தூரிலிருந்து வந்தவன், பேசிக்கொண்டே வேலை செய்கிறவன். கூட வந்தவன் பேசாதவன். இரண்டு பேருமாகப் பஞ்சு வைத்த பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்தார்கள். அப்போதுதான் பிறந்த குழந்தையைத் தலைக்குக் கை கொடுத்துத் தூக்குவது போலத் தூக்கினார்கள். பக்கத்திலேயே இருக்கச் சொல்கிறான் நந்தகோபால். அன்றைக்கு என்ன சொன்னான்? கை வைக்காதே என்றான். இன்றைக்குக் கண்ணை எடுக்காதே. ஒரு கண்ணாடிக்காக ஒரு மனுஷி எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, கம்பெனியில் தையல் மெஷின்களை வரிசையாக நிறுத்துகிற மாதிரி. இத்தாலியிலிருந்து வருகிறது வருகிறது என்று தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். கப்பல் ஏறிவிட்டது, துறைமுகத்தில் நிற்கிறது, லாரியில் ஏற்றிவிட்டார்கள். கட்டிக்கொடுத்த மகள் பிரசவத்துக்கு வருகிற மாதிரி. அவள் ஒவ்வொரு நாளும் குழம்பை ஊற்றிக்கொண்டே "ம்" என்று சொன்னாள். அந்த "ம்"களையெல்லாம் இப்போது திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஜெரால்டு கையில் மெல்லிய கத்தியை வைத்துக்கொண்டு ஓட்டையின் விளிம்பில் காய்ந்து கிடந்த பழைய பசையை வகுந்து எடுத்தான். கறுப்பாக, நீளநீளமாக உரிந்து வந்தது. கூட வந்தவன் சின்ன மெஷினை உள்ளே விட்டு இடுக்குகளில் உறிஞ்சினான். சரசரவென்று கண்ணாடித் தூள் குழாய்க்குள் ஏறுகிற சத்தம். இன்னும் இருக்கிறதா, இத்தனை நாளுக்கு அப்புறமும்? அந்தச் சத்தம் அவளை ஏப்ரல் மாதத்துக்குள் கொண்டுபோய்த் தள்ளியது, தள்ள வேண்டிய அவசியமே இல்லை, அவள் அங்கேயேதான் இருந்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம். காலையில் நந்தகோபால் காரை எடுத்து வாசலுக்கு நடுவே நிறுத்தி இன்ஜினை உறுமவிட்டு, மகன் முகிலைத் தூக்கி மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டான். அப்புறம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "சாவியை வெச்சுக்கடா, அப்பா வந்து வாங்கிக்கறேன்" என்று ஐந்து வயதுப் பையனின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, வேறு காரில் ஏறிப் போய்விட்டான். கொடுத்தது அவன்தான். இதை அவள் தனக்குள் எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் வெளியில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது முகிலைக் காணோம். மாடியில் இல்லை, தோட்டத்தில் இல்லை. சமையல் பார்க்கிற சரசக்காதான் வாசலிலிருந்து கத்தினாள், "அம்மிணீ, காருக்குள்ள கை தெரியுதுங்க." கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன உள்ளங்கை. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, சாவியில் எதையோ அமுக்கிப் பூட்டிக்கொண்டிருக்கிறான், திறக்கத் தெரியவில்லை. அந்தக் காரின் கதவுக்கு உள்ளே இழுக்கக் கைப்பிடிகூட இல்லை, அழகுக்காக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், அதை எங்கே அமுக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. வெளியிலிருந்து "அதை அமுக்கு சாமி, இல்ல, அது இல்ல, மறுபடியும் அமுக்கு" என்று கத்தினாள். அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அமுக்கினான். விளக்கு எரிந்தது, வைப்பர் ஓடியது, கதவு திறக்கவில்லை. மேலே வெயில். காரின் தகட்டைத் தொட்ட கை பொசுங்கியது. காரை ஒட்டி நின்றே, ஸ்பீக்கரில் போட்டு நந்தகோபாலுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, முகில் காருக்குள்ள மாட்டிக்கிட்டானுங்க. சாவி அவங்கிட்டயே இருக்குது."

"பதறாத. இன்னொரு சாவி இங்க லாக்கர்ல இருக்குது. டிரைவர்கிட்ட குடுத்தனுப்பறேன். அரை மணி நேரம்."

"வெயில்ல நிக்குதுங்க வண்டி."

"ஒண்ணும் ஆகாது. நீ பாட்டுக்குக் கண்ணாடில கை வெச்சராத, என்ன? கை வெச்சராத இந்து."

அரை மணி நேரமா, என்று அவள் கேட்டாள். அதைச் சத்தமாகத்தான் கேட்டாள். அரை மணி நேரம். ஒண்ணும் ஆகாது. இந்த இரண்டு வார்த்தைகளும் மூன்று மாதமாக அவள் தலைக்குள் செருப்பில் ஏறிய முள் மாதிரி கிடக்கின்றன, நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் குத்துகின்றன. ஒண்ணும் ஆகாது என்று அவனுக்கு யார் சொன்னது? வெயிலில் அவன் நின்றானா? ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒண்ணும் ஆகாது என்பதற்கு என்ன தைரியம், இல்லை, அது தைரியமில்லை, அது கணக்கு, ஒரு தட்டில் கண்ணாடி, இன்னொரு தட்டில் அரை மணி நேரம். பிள்ளை எந்தத் தட்டிலும் இல்லை. அதைவிட ஆத்திரம், அவளும் நின்றாள் என்பது. கொஞ்ச நேரம் அவன் சொல்லைக் கேட்டுக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள், ஈரத் துண்டைக் கண்ணாடிமேல் போர்த்தினாள், வெளியில் போர்த்தினால் உள்ளே என்ன குளிரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நின்றே கால்களுக்குப் பழகிவிட்டிருக்கிறது. அப்புறம் உள்ளே தட்டுகிற சத்தம் நின்றுபோனது. அழுகையும் நின்றது. அந்த அமைதியை அவள் இப்போதும் சில சமயம் கேட்கிறாள், மிக்ஸியை நிறுத்தியதும், குழாயை மூடியதும் சட்டென்று வீடு முழுக்க வந்து நிற்கிற அமைதி. அதைக் கேட்டதும்தான் ஓடினாள். மாடிப்படிக்குக் கீழே நந்தகோபால் உடற்பயிற்சி செய்கிற அறை, அங்கே வரிசையாக டம்பெல்கள். கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கக் கண்ணாடியை உடைத்தால் பிள்ளை முகத்தில் விழும், அவன் தலை அதில்தான் சாய்ந்திருந்தது. அதனால் பின்னால் போனாள். முதல் அடிக்குக் கண்ணாடி அசையவில்லை, கைதான் தோள்வரை அதிர்ந்தது. அடுத்ததற்கும் ஒன்றுமில்லை. அடுத்த அடியில் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் கல்கண்டாக உதிர்ந்து கொட்டியது, உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. அந்த ஓட்டை வழியாக, புடவையோடு, முழங்கால் கிழிய உள்ளே நுழைந்து பிள்ளையை இழுத்தாள். நனைந்த துணி போலத் தொங்கினான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசியைக் குத்திக் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டே "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்தில், கேட்டில் கார் வந்து நின்று நந்தகோபாலே இறங்கி ஓடிவந்தான். "ஐயோ" என்றான். அந்த ஐயோவில் உயிரே இருந்தது. பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்கிறான் என்று நினைத்து அவள் மகனை அவன் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். அவன் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேங்காய் எவ்ளோ பெருசுங்க மேடம்?" என்று ஜெரால்டு கேட்டான்.

அவளுக்குப் புரியவில்லை. "என்ன?"

"இல்லீங்க, சார் சொன்னாருங்க, தேங்காய் விழுந்து ஒடஞ்சிருச்சுன்னு. இந்தக் கண்ணாடி சாமானியமா ஒடையாதுங்களே, அதான் கேட்டேன்." அவன் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே சிரித்தான். சும்மா பேச்சுக்குக் கேட்கிறான், அவனுக்கு எதுவும் தெரியாது.

அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். போர்டிகோவின் கூரைக்கு அப்பால் வானம், காற்றில் அலைகிற புங்கமரம், காம்பவுண்டு ஓரத்தில் காசு கொடுத்து வாங்கி நட்ட அழகுப் பனைகள். தென்னை மரம் எங்கே? இந்த வீட்டில் தென்னையே இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. தேங்காய். அவளுக்கு முதலில் சிரிப்புதான் வரப் பார்த்தது, தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே வேறொன்றாகிவிட்டது. போன மாதம் கல்யாண மண்டபத்தில் நாத்தனார் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து "மரத்தை வெட்டியாச்சா அண்ணி?" என்று கேட்டாள், எந்த மரம் என்று இவள் விழித்தபோது நந்தகோபால் எதிர் வரிசையிலிருந்து "வெட்டியாச்சு, வெட்டியாச்சு, நீ சாப்பிடு" என்றான். அப்போது புரியாதது இப்போது புரிந்தது. எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். தங்கைக்கு, கூட்டாளிகளுக்கு, கோயமுத்தூர்க்காரர்களுக்கு. ஒரு தென்னை மரத்தை நட்டு, வளர்த்து, காய்க்கவைத்து, அந்தக் காயைச் சரியாகக் கண்ணாடிமேல் போட்டு, கடைசியில் மரத்தை வெட்டியும் போட்டிருக்கிறான். அதில் அவள் இல்லை. டம்பெல் இல்லை. கிழிந்த முழங்கால் இல்லை, இன்னும் படிக்கட்டு இறங்கும்போது வலிக்கிற முழங்கால். பிள்ளை இல்லவே இல்லை. ஏன் இந்தப் பொய்? வெட்கமா? சாவியைக் கொடுத்தது நீதானே என்று எவனாவது விரலை நீட்டிவிடுவான் என்ற பயமா? அவனுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் முகிலின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். அதற்காக அவள் மனசு இளகக்கூடப் பார்த்தது, அவன் எழுந்து வராந்தாவுக்குப் போய் போனில் "பின்கண்ணாடிங்க, பின்கண்ணாடி, சைடு கண்ணாடின்னா இங்கயே கெடச்சிருக்கும், இவ போயிப் பின்கண்ணாடிய ஒடச்சு வெச்சிருக்கறா" என்று யாரிடமோ சொல்கிறவரைக்கும். பயந்தவன் அழட்டும். பயந்தவன் காலில் விழ வேண்டாம், பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை, தப்புப் பண்ணிட்டேன் இந்து என்று ஒரே ஒரு வார்த்தை. பயந்தவன் தென்னை மரமா நடுவான்?

ஜெரால்டு விளிம்பு முழுக்க ஏதோ கறுப்புத் திரவத்தைச் சின்னப் பிரஷ்ஷால் தடவினான். அதன் வாசனை மூக்கில் ஏறியது. காற்றில் தூசி வந்து ஒட்டாமல் இருக்க, கூட வந்தவன் போர்டிகோவின் தூண்களுக்கு நடுவே ஒரு படுதாவைக் கட்டினான். படுதா படபடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை பாதுகாப்பு, ஒரு தூசி விழக்கூடாது. முகில் இப்போதெல்லாம் ஜன்னல் மூடியிருக்கிற எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. அவளுடைய சின்னக் காரில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால்தான் உட்காருவான், திருப்பூர்ப் புழுதி முழுக்கத் தலையில் கொட்டும், சிக்னலில் பிச்சைக்காரர்கள் கையை உள்ளே நீட்டுவார்கள், மழை பெய்தால் இருவரும் நனைவார்கள், கண்ணாடியை ஏற்றுகிற பொத்தான்மேல் அவள் விரல் பட்டாலே அவன் உடம்பு விறைக்கும். பாத்ரூம் கதவைச் சாத்த விடமாட்டான். ராத்திரியில் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தால் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவான். "கெடுத்து வெக்கற, நீதான் கெடுத்து வெக்கற" என்று நந்தகோபால் அவளைத் திட்டுவான். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கண்ணாடி வந்து சேர்ந்த சந்தோஷத்தில் சொன்னான், "ஞாயித்துக்கெழம இவனை அதுலயே உக்கார வெச்சுக் கதவைச் சாத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன் பாரு. ரெண்டு நிமிஷம் கத்துவான். அப்பறம் பயமெல்லாம் போயிரும், நீச்சல் பழக்கறாப்ல." இட்லியைப் பிய்த்த முகிலின் கை அப்படியே நின்றது. மேஜைக்கு அடியில் அவள் புடவையைச் சின்ன விரல்கள் பிடித்துக்கொண்டன. அவள் அப்போதும் சட்னியை எடுத்து நந்தகோபால் பக்கம்தான் நகர்த்தினாள். ரெண்டு நிமிஷம் கத்துவான். அரை மணி நேரம். ஒண்ணும் ஆகாது. எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. இந்த ஆட்கள் வேலையை முடித்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். ஓட்டையாக இருந்தவரைக்கும் அந்தக் கார் ஓடாமல் கிடந்தது, பிள்ளை நிம்மதியாக அதைத் தாண்டிப் போய்வந்தான். இவர்கள் கண்ணாடியைப் பொருத்தவில்லை, திறந்திருந்த வழியை அடைக்கிறார்கள்.

துப்பாக்கி போன்ற ஒன்றில் குழலைச் செருகி ஜெரால்டு பசையை விளிம்பில் கோடாகப் பிழிய ஆரம்பித்தான், முறுக்கு பிழிகிற மாதிரி, கை நிற்காமல், ஒரே சீராக. அந்த நிதானத்தில் அவனுக்கு மறுபடி பேச்சு வந்தது. "எப்படியோ நல்ல நேரம் மேடம். உள்ள யாரும் இல்லாதப்ப விழுந்துச்சு."

"உள்ள எம் பையன் இருந்தான்" என்றாள் இந்துமதி.

அவன் கை ஒரு கணம் தடுமாறியது. பசைக்கோடு அந்த இடத்தில் கொஞ்சம் தடித்தது. நிறுத்த முடியாத வேலை, அதனால் பிழிந்துகொண்டே கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். அவள் எழுந்துவிட்டிருந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. "தேங்காய் கீங்காய் ஒண்ணும் விழுகலைங்க. இந்த வீட்டுல தென்னை மரமே கிடையாது, பாத்துக்குங்க. பையன் உள்ள மாட்டிக்கிட்டான். வெயில்ல வெந்துட்டிருந்தான். ஒடைக்காதன்னாங்க. நாந்தான் ஒடச்சேன்." குரல் நடுங்கும் என்று நினைத்தாள், நடுங்கவில்லை. வாசலைப் பெருக்கியாச்சு என்று சொல்வது போல வந்தது. படுதாவைப் பிடித்துக்கொண்டிருந்த பேசாதவன் முதல் தடவையாக வாய் திறந்து, "பையன் இப்ப நல்லாருக்கானுங்களா?" என்றான். மூன்று மாதத்தில் இதை அவளிடம் கேட்ட முதல் ஆள். அவளுக்குக் கண் நிறைந்தது, அதற்கும் கோபம்தான் வந்தது, முன்பின் தெரியாத ஒருவன் கேட்கிறான்.

"பசை காயறதுக்குள்ள வெக்கணும், கோச்சுக்காதீங்க மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜெரால்டு ரப்பர் பிடிகளைக் கண்ணாடியில் ஒட்டினான். இரண்டு பேரும் அதைத் தூக்கி, சாய்த்து, ஓட்டையின்மேல் இறக்கினார்கள். உட்கார்ந்தது. சுற்றிலும் உள்ளங்கையால் அழுத்தினார்கள். அகலமான டேப்பைக் குறுக்கே ஒட்டினார்கள். அவ்வளவுதான். போர்டிகோ, தூண், புங்கமரம், நின்றுகொண்டிருக்கிற அவள் எல்லாமே அதில் கறுப்பாகத் தெரிந்தன.

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. நந்தகோபாலின் முகம் திரை முழுக்க வந்தது. "முடிஞ்சுதா? காட்டு காட்டு. கீறல் எதுவும் இல்லியே?" அவள் போனைத் திருப்பிக் கண்ணாடியைக் காட்டினாள். "சூப்பர்" என்றான் அவன், பிள்ளையின் மார்க்கைக் கேட்ட அப்பா மாதிரி. "ஞாயித்துக்கெழம கெளம்பறோம். முகில்கிட்டச் சொல்லி வெய்யி."

"முகில் இதுல உக்கார மாட்டான்."

"அதெல்லாம் உக்காருவான். நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்டது போதும். சாவியக் குடுத்துட்டுப் போனது நீங்க. ஒண்ணும் ஆகாதுன்னது நீங்க. இனி எம் பையனை இதுல ஏத்தக் கூடாது."

"இந்து, யார் முன்னாடி என்ன பேசற? அந்த ஆளுங்க நிக்கறாங்களா?"

"நிக்கறாங்க. தென்னை மரம் எங்கன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன். எதுக்கு ஒடச்சேன்னும் சொல்லிட்டேன். உங்க தங்கச்சிக்கும் சாயங்காலம் சொல்லிருவேன்."

"வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்" என்றான். "வாங்க, பேசலாம்" என்று சொல்லி அவள்தான் முதலில் போனை வைத்தாள். அன்றைக்கு டம்பெல்லால் முதல் அடி அடித்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வருவான். கத்துவான், கதவை அறைவான், அம்மா வீட்டுக்குப் போ என்பான். வரட்டும். இந்தக் கோபம் ஆறிப்போய்விடுமோ, அவன் வந்து நிற்கும்போது மறுபடி சட்னியை நகர்த்தி வைத்துவிடுவேனோ என்பதுதான் ஒரே பயம். ஆறவிடக் கூடாது.

கோயமுத்தூர்க்காரர்கள் சாமான்களைக் கட்டினார்கள். நாளைவரைக்கும் வண்டியை நகர்த்த வேண்டாம் என்று ஜெரால்டு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வேன் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட வேன் வந்தது, கண்ணாடி இல்லாமல் கம்பி மட்டும் வைத்த பழைய வேன், அதற்காகவே அவள் தேடிப் பிடித்தது. முகில் இறங்கிப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். காரைப் பார்த்ததும் நின்றான். சுற்றிக்கொண்டு, தள்ளியே வந்து அவள் பக்கத்தில் நின்று அந்தக் கறுப்புக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தான்.

"ஒட்டிட்டாங்களா?"

"ஆமா சாமி."

"இதும் ஒடையுமா?"

"ஒடையும்."

"நீ ஒடச்சிருவியா?"

"ஒடச்சிருவேன்."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "அப்பா போன்ல வேண்டாம்னு சொன்னாலும்?" என்று கேட்டான்.

உள்ளே இருந்துகொண்டு அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். கேட்டு, மூன்று மாதமாக வைத்திருக்கிறான். இந்துமதி மண்டியிட்டு, வலிக்கிற முழங்கால் தரையில் அழுந்த, அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அப்பா சொல்லி முடிக்கறதுக்கு முன்னாலயே" என்றாள்.